அடுப்படிக்கு வந்த பாதிப் பாட்டு

அந்தப் பாட்டு எங்கே பதிவானது, எத்தனை நாட்டில் ஓடியது என்றெல்லாம் எழுத ஆள் இருக்கிறது. எங்கள் வீட்டு அடுப்படியில் அதற்கு என்ன நேர்ந்தது என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

எழுபதுகளில் இலங்கை ரேடியோ தூத்துக்குடியில் பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி தெளிவாகக் கேட்கும். நாலு பெண்கள் சேர்ந்து பாடிய அந்த இங்கிலீஷ் பாட்டு அதில் தினமும் வந்தது. வார்த்தை பாதி விளங்காவிட்டாலும் மெட்டை முணுமுணுக்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை.

நான் அப்போது மாதா கோயில் பாடகர் குழுவில் இரண்டாம் குரல். மெட்டு முதல் குரலுக்குப் போய்விடும். அதற்குக் கீழே ஒட்டிக்கொண்டு போவது எங்கள் வேலை. நாலு வருடம் பாடியும், பூசை முடிந்ததும் அம்மா "நீயும் பாடுனியாளா?" என்றுதான் கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வருகிற திருவிழாப் பூசையோடு நின்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அந்தச் சமயத்தில், கப்பலில் வேலை பார்த்த அண்ணன் லீவில் வந்தான். சிங்கப்பூரில் வாங்கிய ஸ்டீரியோ செட், இரண்டு ஸ்பீக்கர், அந்தப் பாட்டின் இசைத்தட்டு. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் பாட்டுப்பெட்டி வந்தால் அது எல்லாருக்கும் கேட்க வேண்டும்; இல்லாவிட்டால் பவிசு காட்டுகிறார்கள் என்று பேச்சு வரும். அதனால் ஒரு ஸ்பீக்கரைத் தெரு ஜன்னலில் வைத்தான். நாங்களும் கேட்கட்டும் என்று நீள வயர் இழுத்து, மற்றதை அடுப்படியில் வைத்தான்.

தெருவில் ஒரே கைதட்டல். அடுப்படியில் அம்மா சாளை மீன் அறுப்பதை நிறுத்தினாள்.

"ஏலே, மெட்டு எங்கன? இங்கன ஒருத்தி ஊ ஊன்னுல்லா இழுத்துக்கிட்டுக் கெடக்கா."

"வெளிய நல்லாத்தானம்மா பாடுதாளுவ" என்றான் அண்ணன், ஜன்னலோரத்திலிருந்து.

தட்டு சொத்தை, அண்ணனை எவனோ ஏமாற்றிவிட்டான் என்றாள் அம்மா. ஸ்டீரியோ பாட்டை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு ஸ்பீக்கரில் விட்டிருந்தது; மெட்டு தெருவுக்குப் போக, அடுப்படிக்கு வந்திருந்தது இரண்டாம் குரல். ஊரே பாடிய பாட்டுக்குள் என்னைப் போல ஒருத்தி இத்தனை நாளும் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். ரேடியோவில் நூறு தரம் கேட்ட நானே அவளைக் கேட்டதில்லை.

மறுபடி போடச் சொல்லிவிட்டு, ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் நடுவே போய் நின்றேன். ஒரு காதில் மெட்டு, ஒரு காதில் அவள். இரண்டும் சேர்ந்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவள் கீழே நின்று தாங்கிய இடத்தில்தான் மெட்டு மேலே ஏறியது. எவ்வளவு பெரிய காரியம், அதை எத்தனை அமைதியாகச் செய்கிறாள் என்று பிரமித்துப்போய் நின்றேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது, திட்டு வாங்கினேன்.

ஸ்பீக்கர் இரண்டையும் ஒரே அறையில் வைக்க வேண்டும் என்று யாரோ சொல்லியும் அண்ணன் கேட்கவில்லை. லீவு முடியும்வரை தெரு மெட்டைக் கேட்டது, அம்மா ஊ ஊவைக் கேட்டாள். கொஞ்ச நாளில் அதை முணுமுணுத்துக்கொண்டே அரிசி களையவும் ஆரம்பித்தாள்.

திருவிழா வந்தது. நின்றுவிடும் எண்ணம் அப்போதும் முழுதாகப் போகவில்லை. அந்த வெளிநாட்டுக்காரியைக் கேட்க நான் இருந்தேன். என்னைக் கேட்க யார் இருக்கிறார்கள்? கோயில் நிறையக் கூட்டம். பாடி முடித்து இறங்கி வந்தேன். அம்மா முக்காட்டைச் சரிசெய்தபடி வாசலில் நின்றிருந்தாள்.

"ஏளா, இன்னைக்கு நீ பாடுனது எனக்குத் தனியாக் கேட்டுச்சு" என்றாள்.