ஷோ ஹெர் தி ரோப்ஸ்

துறைமுகக் கிடங்கில் கயிற்று ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் இருபத்திரண்டு வருடமாக எல்லோருக்கும் அவர் ‘பூட்டு’தான். ஸ்டோரைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். கேட் வரை போனவர் திரும்பி வந்து நான்காம் தடவையும் இழுப்பார். யாராவது சிரித்துப் பேசினால், “என்ன விஷயம்?” என்பார். மனைவி கேட்காமலே டீ கொண்டுவந்து கொடுத்தால்கூட முதலில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரைத் தொடுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் ஒரு திங்கட்கிழமை காலை மேனேஜர் எழுதிய துண்டுச்சீட்டு வந்தது. கொண்டுவந்தது நாற்பது வயதுப் பெண். மூடிவிட்ட வேறொரு கிளையிலிருந்து வந்தவள். கையில் புது நோட்டு. சீட்டில் ஒரே வரி: ‘ஷோ ஹெர் தி ரோப்ஸ்.’

பூட்டுக்கு ஆங்கிலம் தெரியும், ஒவ்வொரு வார்த்தையாக. ஷோ என்றால் காட்டு. ரோப் என்றால் கயிறு. இவளுக்குக் கயிறுகளைக் காட்டு. சீட்டைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தார்.

போன மாதம்தான் நைலான் சுருள் ஒன்றிலிருந்து பத்து மீட்டர் வெட்டிக்கொண்டுபோய் வீட்டு மாடியில் துணி காயப்போடக் கட்டியிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் செய்த ஒரே திருட்டு. எவனோ போட்டுக்கொடுத்துவிட்டான், சோதனைக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள், இனி வேலைக்கு உலைதான் என்று முடிவே கட்டிவிட்டார்.

“முன்னாடி எங்க இருந்தீங்கம்மா?” என்று நூல் விட்டுப் பார்த்தார்.

“பெயின்ட் ஸ்டோர்ல சார்,” என்று சொல்லிவிட்டு அவள் ஒவ்வொரு சுருளாகப் பார்த்து எழுதிக்கொண்டே போனாள். நைலான் வரிசையில் நின்றாள். “இது மட்டும் ஏன் சார் குட்டையா இருக்கு?”

“அது... ஈரம் பட்டுச் சுருங்கிருச்சும்மா.”

ஆயுசு முழுக்கக் கயிற்றோடு கிடந்தவருக்குக் கயிறு திரிக்க மட்டும் வரவில்லை. அவளோ அதையும் சிரத்தையாக நோட்டில் எழுதினாள். கிண்டல் செய்கிறாள் என்றே பூட்டு நினைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மாடியேறிக் கொடியை அவிழ்த்தார். “என்னங்க, ஈரத்துணிய எல்லாம் தரையில போட்டுட்டு என்ன பண்றீங்க?” என்றாள் மனைவி.

“ஒண்ணும் கேக்காத. நாளைக்கு எனக்கு வேலை இருந்தா புதுசு வாங்கித் தர்றேன்.”

மறுநாள் கயிற்றை மேனேஜர் மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் ஒப்பித்தார். மேனேஜர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“யோவ், அதுக்கு அர்த்தம் அது இல்லய்யா! அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பல்ல எங்க பாத்தாலும் கயிறு தொங்கும். எந்தக் கயித்தை இழுத்தா எந்தப் பாய் ஏறும், எது இறங்கும்னு புதுசா வர்றவனுக்குக் காட்டிக் கொடுப்பாங்க. அது தெரியாதவன் கப்பல்ல எதுக்கும் உதவ மாட்டான். அதுலேருந்து வந்த பேச்சு. வேலையைக் கத்துக்கொடுன்னு அர்த்தம், அவ்வளவுதான். இந்தப் பத்து மீட்டரை நீயே வச்சுக்க, போ.”

பூட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கயிற்றை எடுத்துக்கொண்டு கதவு வரை போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

“சார், எந்த வேலையை?”

“என்ன எந்த வேலை?”

“ஸ்டோர்ல இருக்கிறதே ஒரு வேலை. அதை நான் பாத்துட்டு இருக்கேன். அதைக் கத்துக்கிட்டு அவங்க என்ன பண்ணப் போறாங்க?”

மேனேஜரின் சிரிப்பு நின்றது. பேனாவை எடுத்தார், வைத்தார். மேஜைக்கு எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார். அதில் பூட்டு இதுவரை உட்கார்ந்ததில்லை, யாரும் சொன்னதுமில்லை.

“உக்காருங்க,” என்றார் மேனேஜர்.

அந்த ‘ங்க’வைக் கேட்டதும் பூட்டுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“பரவாயில்ல சார். நின்னுக்கிட்டே கேட்டுக்கிறேன்.”