ஒரே எண்ணில் இரண்டு பெண்கள்

இந்த வேலையில் எனக்குத் தலைக்கனம் இருந்த காலம் ஒன்று உண்டு. இணையதளத்தில் யாரோ ஒரு படிவத்தை நிரப்பினால், அது தானாகவே ஒரு பட்டியலில் போய் உட்கார வேண்டும். அங்கிருந்து இன்னொரு சேவைக்குத் தாவி, உரியவர்களின் போனுக்குச் செய்தியாகப் போக வேண்டும். இடையில் மனிதக் கை படக் கூடாது. இப்படி ஒன்றோடு ஒன்றைக் கோத்துவிடுவதுதான் என் பிழைப்பு. திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கான உதிரிபாகக் கடைக்கு மேலே ஒற்றை அறை. ரிக் ஆபீஸ், கோழிப்பண்ணை, லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள் என்று யார் வந்தாலும் செய்து கொடுப்பேன்.

ஆட்டையாம்பட்டிப் பக்கம் திருமணத் தகவல் மையம் நடத்தும் அக்கா ஒருவர் அப்படித்தான் வந்தார். அவருடைய மையத்தில் ஞாயிறுதோறும் பெற்றோர்கள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து கோப்புகளைப் புரட்டுவார்கள். அதையெல்லாம் இணையத்துக்கு மாற்றினேன். விவரத்தைப் பதிந்தால் போதும், பொருந்துகிற வரன் வீட்டாருக்கு அன்றிரவே அது தானே போய்விடும். சில நாள் நன்றாக ஓடியது. பிறகு அக்கா போனில் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க தம்பி, ஒரே மாப்பிள்ள நாலு தரம் வாராருங்க. பொண்ணு ஊட்டுக்காரங்க சிரிக்கறாங்க.”

நெட் மெதுவாக இருந்தால் நம் ஆட்கள் பட்டனை விடாமல் அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். அமுக்கிய தடவையெல்லாம் ஒரு பதிவு. நான் ஒரு விதி சேர்த்தேன்: ஏற்கெனவே உள்ள போன் எண்ணில் இன்னொரு பதிவு வந்தால், பழையதை அழித்துவிட்டுப் புதியதை வை. ஐந்து நிமிட வேலை. அக்கா என்னை மெச்சினார். நானும் என்னை மெச்சிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் பெண்ணின் ஜாதகத்தோடு பெண்ணின் எண்ணை யாரும் கொடுக்க மாட்டார்கள். அப்பாவின் எண்தான். வீட்டில் எத்தனை பெண்கள் இருந்தாலும் அதே எண். இது எனக்குத் தெரியாததல்ல. என் தங்கைக்கு வரன் பார்த்தபோது அப்பாவின் எண்ணை எழுதிக் கொடுத்தவனே நான்தான். மடையன், விதி எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து அந்த மையத்தில் பிரிண்டரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். இளம்பிள்ளையிலிருந்து ஒரு பெண் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். அப்பாவுக்கு இரண்டு விசைத்தறி, அவளுக்குச் சேலைக் கடையில் பில் போடும் வேலை. பத்திரிகை அவளுடையதல்ல, தங்கையுடையது. தங்கைக்கு இந்த மையம் வழியாகத்தான் வரன் அமைந்திருந்தது. மூத்தவள் இருக்கிறாள் என்று அப்பா ஒரு வருடத்துக்கு மேல் எல்லா வரனையும் தள்ளிப் போட்டிருக்கிறார். முடியாமல் கடைசியில் ஒப்புக்கொண்டுவிட்டார்.

அக்காவுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “தம்பி, இந்த அம்மிணியோட ஜாதகம் எத்தன பேத்துக்குப் போச்சுன்னு கொஞ்சம் பாருங்க” என்றார்.

அப்பாவின் எண்ணைப் போட்டுத் தேடினேன். ஒரே ஒரு வரி வந்தது. தங்கையின் பெயர். பட்டியலின் பழைய மாற்றங்களைத் திறந்து பார்த்தேன். அங்கே இருந்தாள் மூத்தவள். அப்பா பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முதலில் அவளுடையதைப் பதிந்திருக்கிறார். வந்ததே வந்தோம் என்று சின்னவளுடையதையும் அடுத்துப் பதிந்திருக்கிறார். இரண்டுக்கும் இடையே பதினோரு நிமிடம். பதிவாகிவிட்டது என்ற செய்தியும் இரண்டு தடவை போயிருக்கிறது, அவர் எதற்குச் சந்தேகப்படப் போகிறார்? அந்தப் பதினோரு நிமிடம்தான் மூத்தவள் பட்டியலில் இருந்தாள். யாருக்கும் போகவில்லை. மூல நட்சத்திரம் என்று அதில் இருந்தது. மாமனாருக்கு ஆகாது என்று பயந்து எல்லோரும் ஒதுக்குகிறார்கள் என வீட்டில் நினைத்துக்கொண்டார்கள் போலும். எதிர்பார்ப்பு என்ற கட்டத்தில், ‘ஊருக்குப் பக்கத்தில் இருந்தால் போதும், அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று எழுதியிருந்தது.

“எத்தன பேத்துக்குங்கண்ணா?” என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா பக்கத்தில் நின்றார். அவர் சொல்லித்தான் எனக்குப் பாதி வேலை வந்துகொண்டிருந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையை அழித்தவன் என்று ஊர் பேசினால் அப்புறம் யார் வருவார்கள்? பயந்துவிட்டேன்.

“போயிருக்குதுங்க. நாப்பது பேத்துக்கு மேல போயிருக்குது. அமையல, அவ்வளவுதானுங்க.”

“நாப்பது பேரா?” என்று திருப்பிக் கேட்டாள். பிறகு, “செரிங்கண்ணா, வாரேன்” என்று சொல்லி, மேசைமேல் எனக்கும் ஒரு பத்திரிகை வைத்துவிட்டுப் போனாள். அவள் மனம் நோகக் கூடாது என்றுதான் கூட்டிச் சொன்னேன் என அன்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

வீட்டுக்குக்கூடப் போகாமல் அவள் வரியைத் திரும்பச் சேர்த்தேன். எண்ணோடு பெயரையும் சேர்த்துப் பார்க்கும்படி விதியை மாற்றினேன். நாலாம் நாளே ராசிபுரத்திலிருந்து ஒரு வீட்டார் கேட்டார்கள். நட்சத்திரமெல்லாம் பார்ப்பதில்லை, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்களாம். அக்கா குதூகலத்தோடு என் அறைக்கே வந்து, என் எதிரில் ஸ்பீக்கரைப் போட்டுப் பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டார்.

“நல்ல எடந்தானுங்க, இல்லீங்கல” என்றார் அவர். “நாங்களும் நேத்தெல்லாம் சொல்லிப் பாத்தாச்சு. அவ தலையவே நிமித்தலீங்க. நாப்பது பேரு என்னையப் பாத்துட்டு வேண்டாம்னுட்டாங்கப்பா, இன்னொருத்தன்கிட்ட என்னைய நீட்டாதீங்கங்கறா. ஆரு அந்தக் கணக்கச் சொன்னாங்கன்னே தெரியலீங்க.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் அந்த நாற்பதை நம்பியிருந்தார். நான் சொல்லியிருக்க வேண்டும், அப்போதாவது. ஸ்பீக்கர் திறந்துதான் இருந்தது. ஒருத்தரும் பார்க்கவில்லை என்று இரண்டே வார்த்தை. நான் பிரிண்டர் இங்க் வாங்கியாகிவிட்டதா என்று அக்காவிடம் கேட்டேன்.