வெங்காய லாரிக்கு ஏர் எடுத்த நாள்

டீசல் எஞ்சினுக்கு ஏர் எடுப்பது எப்படி என்று கேட்டால் இன்றும் ஒரு படி விடாமல் சொல்வேன். டேங்கிலிருந்து வரும் குழாயில் காற்று புகுந்துவிட்டால் டீசல் ஏறாது, வண்டி கிளம்பாது. அந்தக் காற்றை வெளியேற்றுவதற்குத்தான் ஏர் எடுப்பது என்று பெயர். பாலிடெக்னிக் பரீட்சையில் இதைப் படத்துடன் எழுதியிருக்கிறேன். படத்தில் வண்டி கிளம்பிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில், கடைசி வருடப் பயிற்சிக்காகப் பெரம்பலூரில் திருச்சி ரோட்டோரம் இருந்த லாரிப் பட்டறைக்கு ஒரு மாதம் அனுப்பினார்கள். தேய்த்த காக்கிச் சட்டையும் பாடப் புத்தகமுமாகப் போய் நின்றேன். மேஸ்திரி என்னை ‘இன்ஜினியர்’ என்றே கூப்பிட்டார். இரண்டு வாரம் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை அரும்பாவூரிலிருந்து சின்ன வெங்காயம் ஏற்றிய லாரி வந்தது. டீசல் பில்டர் அடைத்துக்கொண்டு மேட்டில் இழுக்கவில்லை. வெங்காயத்துக்குச் சொந்தக்கார அம்மாள், நாற்பது வயதிருக்கும், கேபினிலேயே உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் மழையில் மூட்டைகள் நனைந்திருந்தன.

“சாயங்காலத்துக்குள்ள திருச்சி மண்டியில எறக்கிடணும் தம்பி. இல்லன்னா அழுவிப்போயிடும், ரோட்டுலதான் கொட்டணும்.”

மேஸ்திரி அரியலூருக்கு ஸ்பிரிங் பட்டை வாங்கப் பஸ் ஏறக் கிளம்பிக்கொண்டிருந்தார். “பில்டர மாத்தி ஏர் எடுத்து வுட்டுடுங்க இன்ஜினியர். வேற எதையும் தொடாதீங்க.”

டிரைவர் எஞ்சினை நிறுத்தக் கை நீட்டினார். “நான் பாத்துக்கிறேன், நீங்க போங்க” என்றேன். அவர் முடி வெட்டிக்கொள்ளப் போனார்.

எஞ்சினை நிறுத்தினேன். பில்டரை மாற்றினேன். புத்தகப்படி ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அடித்தேன். நுரை போய்ச் சுத்தமான டீசல் வந்ததும் ஸ்க்ரூவை முடுக்கி, செல்ஃப் அடித்தேன். கிளம்பவில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தேன். அப்போதும் கிளம்பவில்லை. பம்பிலிருந்து, எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களுக்குப் போகும் ஆறு குழாய்களையும் தளர்த்திவிட்டு செல்ஃப் அடித்துப் பார்த்தேன். ஒன்றிலும் ஈரம்கூட இல்லை. புத்தகத்தில் இதற்கு ஒரே பதில்தான்: பம்ப் பழுது.

“பம்பக் கழட்டி திருச்சிக்கு அனுப்பணும்மா. ரெண்டு நாள் ஆகும்.”

“வெங்காயந்தான் தம்பி திருச்சிக்குப் போவணும். பம்பு மட்டும் போயி என்னா பண்ணப் போவுது?”

படிக்காதவர்களிடம் விவாதிக்கக் கூடாது என்று அந்த வயதில் ஒரு கொள்கை வைத்திருந்தேன். பம்பின் நாலு போல்ட்டில் இரண்டைத் தளர்த்தினேன். மூன்றாவதில் ஸ்பேனரை வைக்கும்போது கேபினிலிருந்து குரல் வந்தது.

“தம்பி, வண்டிய நிறுத்துறப்ப இந்தக் குமிழ இழுத்தீங்களே, இது இப்புடியே நீட்டிக்கிட்டுதான் இருக்கணுமா? டிரைவரு இத உள்ள தள்ளிட்டுத்தான் கெளப்புவாரு.”

எஞ்சினை நிறுத்தும் குமிழ். இழுத்தால் பம்ப் டீசல் கொடுக்காது, திரும்பத் தள்ளும்வரை கொடுக்காது. இது பாடத்தில் இல்லையா என்றால், இருந்தது. அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியவனே நான்தான்.

“தள்ளுங்கம்மா” என்றேன். தள்ளினார். செல்ஃப் அடித்தேன். ஆறு குழாய்களும் டீசலைப் பீய்ச்சின. எல்லாவற்றையும் முடுக்கியதும் வண்டி சாதுவாகக் கிளம்பியது.

டிரைவர் பவுடர் வாசனையோடு வந்தார். “என்னா கம்ப்ளைண்டு?”

“ஏர் லாக்.”

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். “தம்பி நெறைய கழட்டிப் பாத்தாரு” என்றார்.

லாரி போன பிறகுதான் பயம் பிடித்தது. போல்ட்டைத் தளர்த்தியதில் பம்ப் மயிரிழை நகர்ந்திருந்தாலும் டீசல் பாயும் டைமிங் மாறி, பாடாலூர் தாண்டுவதற்குள் வண்டி இழுக்காமல் நின்றுவிடும். வெங்காயம் அங்கேயே வேகும். இருட்டும்வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேஸ்திரி வந்தார். அவரிடம் போல்ட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை காலி லாரி பட்டறை வாசலில் வந்து நின்றது.

“வெங்காயம் போய்ச் சேந்துடுச்சாண்ணே?”

“நேத்தே வித்துடுச்சு. அந்தக்கா வழி நெடுக ஒங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டு வந்துச்சு.”

“என்ன சொன்னாங்க?”

“மேஸ்திரி இல்லாதப்ப இங்க நிறுத்தாதன்னுச்சு” என்றார் டிரைவர், ஸ்டீயரிங்கில் சாய்ந்தபடி.

பேசிக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிடமும் அவர் எஞ்சினை நிறுத்தவில்லை.