பிரெஞ்சுல கேட்ட கேள்வி

எனக்குக் கோவம் வந்தா கை நடுங்கும். ஊசி பிடிக்கிற கை நடுங்கக் கூடாதுன்னு எதையும் முழுங்கிட்டுப் போறவ நான். இந்த ஒண்ணை மட்டும் இன்னைக்கு வரைக்கும் முழுங்க முடியல.

கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை போட்டுத் தர்றது என் தொழில். மயிலு, கொடி, யானை எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, பிரிண்ட் எடுத்து, துணியில பதிச்ச பிறகுதான் ஊசியை எடுப்பேன். ரெட்டியார்பாளையத்துல எங்க வீட்டு ஹால் மூலையில இருக்கு அந்தக் கம்ப்யூட்டர். வருஷக்கணக்கா நான் வரைஞ்ச டிசைன் பூரா அதுக்குள்ளதான் இருந்துச்சு.

போன வருஷம் அது நொண்ட ஆரம்பிச்சுது. பழைய சிஸ்டத்துக்கு இனிமே அப்டேட் வராது, புதுசு இந்த மெஷின்ல ஏறாதுன்னு கடையில கையை விரிச்சுட்டாங்க. நல்லா இருக்கிற பொருளை நான் எதுக்குத் தூக்கிப் போடணும்? வீடியோவா பாத்துத் தள்ளினேன். லினக்ஸ்னு ஓப்பன் சோர்ஸ் சிஸ்டம் இருக்காம், இலவசமாம், அதுலயே ஏகப்பட்ட வகையாம். இது பிகினருக்கு ஈஸி, உங்க அம்மாவுக்குக்கூட போட்டுக் கொடுக்கலாம்னு ஒவ்வொருத்தனும் சொல்றான். அம்மான்னா மூளையைக் கழட்டி ஆணியில மாட்டினவளா?

நானே பென்டிரைவ்ல ஏத்தி, கம்ப்யூட்டர்ல போடாமலே ஓட்டிப் பாத்தேன். ஒண்ணுல பிரிண்டர் வரல. இன்னொண்ணுல எழுத்து எறும்பு சைஸ்ல இருந்துச்சு. கடைசியில ஒண்ணு சரியா வந்துச்சு. மெனு பழைய இடத்துலயே இருந்துச்சு, வரையற சாஃப்ட்வேரும் திறந்துச்சு. இதுதான்னு முடிவு பண்ணிட்டேன்.

அதை என் அக்கா வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னார் என் புருஷன். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊராச்சே எங்களது, அந்த மாமா பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆனவர். பேச்சு தமிழ், படிப்பு பூரா பிரெஞ்சு. தமிழ் எழுத்து தெரியாது, தமிழ்ப் பேப்பரை அக்காதான் வாசிச்சுக் காட்டணும். ஆனா எங்க குடும்பத்துல எந்த மெஷின் வாங்கினாலும் அவர் கை பட்டாத்தான் ஓடும்னு ஒரு நெனப்பு.

ஞாயித்துக்கிழமை வந்தார். மூத்த மாப்பிள்ளை வந்தா சும்மாவா, நான் அடுப்படியில வஞ்சிரம் வறுத்துக்கிட்டிருந்தேன். டிசைனை இன்னும் காப்பி எடுக்கல, நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க, பழசு அப்படியே இருக்கட்டும், பக்கத்துல இடம் ஒதுக்கிப் புதுசைப் போட்டுக்கலாம்னு படிச்சுப் படிச்சு சொல்லிட்டுத்தான் உள்ள போனேன். வெளிய வந்து பாத்தா ஸ்கிரீன் பூரா பிரெஞ்சு. எந்த மொழின்னு அது கேட்டதும் மாமா பிரெஞ்சை அழுத்தியிருக்கார். நடுவுல ஏதோ ஒரு கேள்வி நின்னுச்சு.

"அதுல என்ன மாமா எழுதியிருக்கு?"

"அது உனக்குத் தேவையில்லம்மா. நீ மீனைப் பாரு, கருகிடப் போவுது."

என் கண்ணு முன்னாடியே அழுத்தினார். மாமாவுக்குத் தெரியாததான்னு என் புருஷன் கையைக் கட்டிக்கிட்டு நின்னார். இலை போட்டு, மீன் வச்சு, சோறு போட்டேன். அவர் கை கழுவினப்புறம் போய்ப் பாத்தா ஒரு டிசைன் இல்ல. டிஸ்க் பூராவும் அழிக்கட்டுமான்னு அது கேட்டிருக்கு. மாமா நல்லாப் படிச்சுட்டு, புரிஞ்சுதான் அழுத்தியிருக்கார். பழைய குப்பை எதுக்குன்னு என் புருஷன்கிட்ட சொன்னாராம். குப்பையாம்! மார்க்கெட்ல யார் மேலயாவது தோள் இடிச்சா "பர்தோன்"னு பிரெஞ்சுல மன்னிப்புக் கேக்கற மனுஷன், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

கடையிலயும் மீட்க முடியல. தை முகூர்த்த ஆர்டர் கையில இருந்துச்சு. தைச்ச ஜாக்கெட்டோட போட்டோவை போன்ல வச்சுக்கிட்டு மறுபடி வரைஞ்சேன். போட்டோ இல்லாதது போனது போனதுதான். அப்புறம் அதே சிஸ்டத்தை நானே திரும்பப் போட்டேன், தமிழ்ல.

போன மாசம் மாமா ஒரு பென்டிரைவோட வந்தார். அதுல அவரோட ராணுவ போட்டோ பூரா இருக்கு, வேற எங்கயும் இல்ல. ஒண்ணை பிரேம் போடணுமாம், பிரிண்ட் வேணுமாம். நானே எடுத்துக்கிறேன்னு உக்காந்து, எதையோ அழுத்திட்டார். ஸ்கிரீன் நடுவுல ஒரு கேள்வி வந்து நின்னுச்சு. கொஞ்ச நேரம் முறைச்சுப் பாத்தார்.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?"

உங்களுக்குத் தேவையில்லைன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லல. எல்லா போட்டோவையும் நிரந்தரமா அழிக்கட்டுமான்னு கேக்குதுன்னு, ஒரு எழுத்து விடாம வாசிச்சுக் காட்டினேன். மனுஷனுக்கு மூஞ்சி வெளுத்துடுச்சு.

"வேணாம்னு சொல்ல எதை அழுத்தணும்?"

"வேணாம்னு எழுதியிருக்கு பாருங்க, அதை."

ரெண்டு பட்டன் இருந்துச்சு, ரெண்டும் தமிழ்ல. மவுஸைப் பிடிச்சபடியே என் மூஞ்சியைப் பாத்தார். அடுப்புல மீன் எதுவும் இல்ல. எனக்கு ஒண்ணும் அவசரமும் இல்ல.