கிராபிக்ஸ் கார்டில் மூன்று கீறல்

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது ஒருவர்கூட என்னை "எதுக்கு?" என்று கேட்கவில்லை. எல்லோரும் "யாருக்கு?" என்றுதான் கேட்டார்கள். எனக்கு என்றேன். கேம் ஆட என்றேன். சிரித்தார்கள். இருபத்து நான்கு வயதுப் பெண், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை, வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இவள் கேம் ஆடப் போகிறாளாம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஆவடி மார்க்கெட் பக்கத்தில் ஒரு மாடியில் கேம் கடை இருந்தது. ஆறு கம்ப்யூட்டர்கள், மணிக்கு இவ்வளவு என்று காசு. சனிக்கிழமை வேலை விட்டதும் அங்கே போய் கார் ரேஸ் ஆடுவேன். எனக்கு சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்ட வராது. ஆனால் அந்தக் காரை மலைப்பாதையில், ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கைத் தொட்டு விட்டு, லேசாகச் சறுக்கவிட்டு ஓட்டுவதில் அந்தக் கடையில் என்னை ஜெயித்தவன் கிடையாது. அதுதான் வினையாகிப் போனது. பையன்கள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, "அக்கா, அடுப்புல பால் பொங்குது, ஊட்டுக்குப் போ" என்பார்கள். நானும் சும்மா இருக்கமாட்டேன். ஒருநாள் கடைக்காரரே வந்தார்.

"தப்பா நென்ச்சுக்காதம்மா. நீ வந்தாலே இங்க சண்ட ஆவுது. இனிமே வராத."

"சண்டைக்கி இஸ்கிறவன வராதன்னு சொல்லுங்க."

"அவனுங்க பத்து பேரு கீறானுங்க. நீ ஒருத்தி."

எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்குப் போக அண்ணனூரில் ரயிலை விட்டு இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன். என் வீட்டில், என் நாற்காலியில், என் கம்ப்யூட்டரில் ஆடுவேன். எவனும் பின்னால் நிற்கமுடியாது.

என்னிடம் போனஸும் சீட்டுப் பணமும் இருந்தன. அது பாதிக்குத்தான் வரும். மீதியை அண்ணன் போட்டான். எங்கள் எஸ்டேட்டிலேயே இன்னொரு கம்பெனியில் அவன் ஃபிட்டர். பாசத்தில் கொடுத்துவிடவில்லை. பூந்தமல்லியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடை வைத்திருந்த அவனுடைய நண்பனுக்கு இரண்டாவதாக ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டது.

"வாங்கி ஊட்ல வெய்யி. ஞாயித்துக்கெழம அவன் வருவான். நீ சொல்ற கேம் ஒயுங்கா ஓடுச்சுன்னா உன்கிட்டயே இருக்கட்டும். ஓடலன்னா, போட்ட காசுக்கே அவன் எட்த்துக்கினு பூடுவான். அப்பால மூஞ்ச தூக்கி வெச்சிக்கக் கூடாது."

"ஓடும்."

"ஓடலன்னா?"

"ஓடும்னு சொல்றேன்ல."

எதையெல்லாம் விடுவது என்பதிலேயே எனக்கு நான்கு மாதம் போனது. கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருக் கடைகளில் விலைப்பட்டியலை ஜெராக்ஸ் போட்டு வைத்திருப்பார்கள். வாரம் ஒன்று வாங்கி வந்து அடித்து அடித்து எழுதுவேன். ஸ்பீக்கர் வேண்டாம், வீட்டு டேப்ரெக்கார்டரில் ஒயர் செருகிக்கொள்ளலாம். பதினைந்து இஞ்ச் வேண்டாம், பதினான்கு போதும், அதுவும் பழையது போதும். பிரிண்டர் வேண்டாம். ஒன்றை மட்டும் விடமுடியாது. விலை குறைந்த மதர்போர்டுகளில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும். டைப் அடிக்க அது போதும். ரேஸ் போட்டால் கார் ஒரு அடி நகர்ந்து நின்று யோசிக்கும். பிறகு தனியாக கார்டு வாங்கிப் போடலாம் என்றால் அதைச் செருக இடமே இருக்காது. அதனால் கார்டு செருகுகிற போர்டு வேண்டும், கூடவே அந்த கார்டும் வேண்டும். பட்ஜெட்டில் பெரிய ஓட்டை போட்டது அந்த உள்ளங்கை அளவு பச்சைத் தகடுதான்.

ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, இரண்டாவது ஷிஃப்ட்டில் இருந்த அண்ணனையும் கூட்டிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் நாற்பது வயசுக்காரர், மூக்கு நுனியில் கண்ணாடி. என் பட்டியலைப் படித்துவிட்டு அண்ணனைப் பார்த்துப் பேசினார்.

"சார், தம்பிக்கா? இந்த கார்டுலாம் வேணாம் சார். அந்தக் காசுக்கு பதினஞ்சு இன்ச் மானிட்டர் தரேன்."

"எனக்கு. கார்டு வேணும்" என்றேன்.

"சிஸ்டர், நீங்க இன்னாத்துக்கு..."

"நாந்தான் காசு குடுக்கிறேன். என்கிட்ட பேசுங்க."

அண்ணன் கூரையைப் பார்த்தான். கடைக்காரர் பட்டியலை மறுபடி படித்தார்.

எஸ்டேட் வழக்கப்படி ஓட்டிப் பார்க்காமல் எந்த மிஷினையும் எடுக்கமாட்டோம். கேம் சிடியை நானே கொண்டுபோயிருந்தேன். மேஜை மேல் அட்டையைப் போட்டு, போர்டையும் கார்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கேபினெட் இல்லாமலேயே இணைத்து ஓட்டிக் காட்டினார். மலைப்பாதை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. மூன்று சுற்று ஓட்டினேன்.

பிறகு எல்லாவற்றையும் கழற்றி ஒரு டிரேயில் வைத்தார். "கேபினெட் குடோன்லர்ந்து வரணும். சாப்ட்டு வந்துடுங்க. மாட்டி வெக்கிறேன்" என்றார்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது. நல்லதைக் காட்டிவிட்டு மட்டமானதை மாட்டிக் கொடுத்தால்?

என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். எங்கள் பீஸ்கள், அதாவது நாங்கள் செய்யும் இரும்பு உதிரிபாகங்கள், முலாம் பூச வெளியே ஒரு பட்டறைக்குப் போகும். ஒருமுறை அங்கே யாருடைய ரிஜெக்ட் பீஸ்களையோ எங்கள் பெட்டியில் கலந்து அனுப்பிவிட்டார்கள். மெமோ எனக்கு வந்தது. அதிலிருந்து என் கையைத் தாண்டி வெளியே போகும் பீஸ்களில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் ஸ்கிரைபரால் மூன்று கோடு கீறிவிடுவேன். ஸ்கிரைபர் என்றால் இரும்பில் கோடு போடும் கூரான எஃகுக் குச்சி. எப்போதும் என் கைப்பையில் கிடக்கும். திரும்பி வரும்போது மூன்று கோடு இருந்தால்தான் அது எங்கள் பீஸ்.

கடைக்காரர் பில் புத்தகம் எடுக்க உள்ளே போனார். ஸ்கிரைபரை எடுத்தேன். ஹார்ட் டிஸ்க்கின் உலோக மூடியில் மூன்று கோடு. சிடி டிரைவின் அடியில் மூன்று கோடு. கார்டின் ஓரத்தில் ஒரு தகரப் பட்டை இருந்தது. அதில் கீறியிருக்கலாம். ஆனால் பட்டையைக் கழற்றி வேறு கார்டில் மாட்டிவிட்டால் என்ன செய்வது? நான் புத்திசாலி அல்லவா. கார்டிலேயே, எந்தப் பொருளும் பற்றவைக்காத ஒரு காலி இடத்தைப் பார்த்து அழுத்தி மூன்று கோடு போட்டேன். எவனும் என்னை ஏமாற்றமுடியாது.

சாப்பிட்டு வந்தால் தெருவில் கரண்ட் இல்லை. கேபினெட்டில் எல்லாம் மாட்டியிருந்தது. "கரண்ட் வர மூணு மணி ஆவும். அதான் ஓட்டிப் பாத்துட்டீங்களே" என்றார். அண்ணனுக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. நான் பக்கவாட்டு மூடியைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று இடத்திலும் என் கோடுகள். "சரி, மூடுங்க" என்றேன். கடைசி இன்ஸ்பெக்‌ஷன் செய்யாமல் பொருளை எடுத்த அந்த நிமிஷத்துக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம்.

சாயங்காலம் வீட்டில் சுவிட்ச் போட்டேன். திரை முழுக்கப் பச்சைக் கம்பி, ஜன்னலுக்குக் கிராதி போட்ட மாதிரி. எழுத்தெல்லாம் உடைந்து கிடந்தது. ஒயரை எல்லாம் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன். அதே கம்பி. கேம் போட்டால் கார் எது, மலை எது என்றே தெரியவில்லை. வேலை முடிந்து வந்த அண்ணன் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழம" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலையில் பெர்மிஷன் போட்டுவிட்டு, கார்டை மட்டும் கழற்றிக்கொண்டு அண்ணனோடு போனேன். கடை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"மாட்டும்போது ஒட்ச்சி குடுத்திருக்கீங்க. பொம்பள தான, இவளுக்கு இன்னா தெரியும்னு நெனப்பு. திருட்டுக் கட!"

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். தெருவில் போனவர்கள் நின்றார்கள். கடைக்காரர் கார்டை வாங்கினார். வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸ் ஒன்றை எடுத்து விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சிஸ்டர், இங்க வாங்க. இது யாரு கையெயுத்து?"

லென்ஸ் வழியாகப் பார்த்தேன். காலி இடம் என்று நான் நினைத்த பச்சைக்கு அடியில் முடி மாதிரி செம்புக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. என் முதல் இரண்டு கீறல்களும் மேல்பூச்சோடு நின்றுவிட்டன. மூன்றாவது, நான் நன்றாக அழுத்திப் போட்டது, இரண்டு செம்புக் கோடுகளை அறுத்திருந்தது.

ஒரு பொய் நாக்கு வரைக்கும் வந்தது. உங்கள் ஸ்குரூ டிரைவர் வழுக்கியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். நின்றவர்களில் பாதிப் பேர் என் பக்கம்தான். ஆனால் பக்கத்தில் அண்ணன் இருந்தான். மூன்று கோடு யாருடையது என்று அவனுக்குத் தெரியும். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாந்தான் கீறுனேன்" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"நீங்க மாத்திடுவீங்கன்னு."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "மாத்தல, பாத்தீங்களா?" என்றார். கடையே சிரித்தது. "கீறல் வியுந்த பீஸ கம்பெனிக்காரன் தொடமாட்டான். வாரண்டிலாம் கெடையாது. புதுசு தான் வாங்கணும்."

புதுசு வாங்கக் காசு ஏது? ரயிலில் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "அவன்கிட்ட சொல்லிடவா?" என்றான். "ஞாயித்துக்கெழமன்னு தான சொன்ன? இன்னும் ரெண்டு நாள் கீது" என்றேன். கத்திச் சொன்னேன். எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் எஸ்டேட்டில் இரண்டு தெரு தள்ளி காயில் சுற்றும் கம்பெனி ஒன்று. என்னோடு பள்ளியில் படித்தவள் அங்கே சால்டரிங்கில் இருந்தாள். முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை நாள் முழுக்கப் பற்றவைப்பவள். சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சோற்றைத் திறக்காமல் அவளிடம் ஓடினேன். லென்ஸ் வைத்த விளக்குக்குக் கீழே கார்டைப் பார்த்தாள்.

"இத்த யாருடி கொத்தி வெச்சது?"

"நாந்தான்."

"கைய வெட்டணும் ஒனக்கு."

"அப்பால வெட்டு. மொதல்ல இத்த ஒட்டு."

"செத்துப் போச்சுன்னா என்ன கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

பிளேடு முனையால் அறுந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் மேல்பூச்சைச் சுரண்டினாள். நான் கார்டைப் பிடித்துக்கொண்டேன். "மூச்சு உடாத. ஒன் மூச்சுல கம்பி பறக்குது" என்றாள். விடவில்லை. முதல் கம்பி உட்கார்ந்தது. இரண்டாவது உட்காரும்போது சங்கு ஊதிவிட்டது. அவளுடைய சூப்பர்வைசர் கதவிலிருந்து குரல் கொடுத்தார். அவள் கை ஒருமுறை அசைந்தது. "போதும், எட்த்துக்கினு ஓடு. இதுக்கு மேல சூடு காட்டுனா செப்புப் பட்டையே உரிஞ்சி வந்துடும்" என்றாள். சரியாக ஒட்டியதா என்று அவளுக்கும் தெரியாது.

கார்டைப் புடவைத் தலைப்பில் சுற்றி, டிபன் பெட்டிக்கு மேல் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்றைக்கு மாட்டவில்லை. பயம். அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. செத்திருந்தால் ஒரு நாள் முன்னாலேயே தெரிந்து என்ன ஆகப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. டிடிபி நண்பன் ஆட்டோவை நிறுத்திவைத்துவிட்டே உள்ளே வந்தான். பெட்டியை எடுத்துப்போகும் முடிவோடு வந்தவன். அண்ணன் அவனுக்கு ஸ்டூல் போட்டான். நான் அப்போதுதான் கார்டைச் செருகி, சுவிட்ச் போட்டேன்.

கம்பிகள் இல்லை. எழுத்து உடையாமல் வந்தது. சிடியைப் போட்டேன். மலைப்பாதை வந்தது. வானம் நீலமாக இருந்தது. முதல் வளைவில் பிரேக் தொட்டேன், விட்டேன், கார் வழுக்கிக்கொண்டு திரும்பியது. பாதியில் ஒரு சுரங்கப் பாதை வரும். அதற்குள் கார் நுழைந்ததும், இருட்டில் பச்சைப் புள்ளிகள், பொடியைத் தூவியது போல மினுக்கின. வெளியே வந்ததும் மறைந்துவிட்டன.

"மச்சான், பச்சப் புள்ளி தெரியுதே" என்றான் நண்பன். "ஒயுங்கா ஓடுனா தான அவுங்களுக்குன்னு சொன்ன? எனுக்கு டைப்படிக்க இது போதும்பா. சாதா கார்டு மாட்டிக்குவேன்."

அவன் சொன்னது நியாயம்தான். பேச்சு அப்படித்தான். என் விரல்கள் கீபோர்டிலேயே இருந்தன. கார் எதன் மீதோ மோதி நின்றுவிட்டது. அண்ணன் குனிந்து திரையை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நீதான இன்ஸ்பெக்டரு? சொல்லு. பாஸா, ரிஜெக்ட்டா?"

வேறு யாராவது அந்த பீஸை என் மேஜைக்குக் கொண்டுவந்திருந்தால் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுத் தூக்கி எறிந்திருப்பேன். அது என் அண்ணனுக்கும் தெரியும்.

"பாஸ்" என்றேன்.

"கேட்டுக்கினியா?" என்றான் அண்ணன் நண்பனிடம். "ஆட்டோக்காரன் வெயிட்டிங் போட்டுடப் போறான். போய்ட்டு வா மாமே."

நண்பன் முணுமுணுத்துக்கொண்டே போனான். நான் காரைப் பின்னால் எடுத்து, மறுபடி சாலையில் விட்டேன்.

அந்தக் கம்ப்யூட்டர் நான்கு வருஷம் ஓடியது, பச்சைப் புள்ளியோடு. கடைக்காரரிடம் நான் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். என் வேலைக் காலத்தில் தெரிந்தே நான் பாஸ் போட்ட ரிஜெக்ட் பீஸ் அது ஒன்றுதான்.