கல்லறையில் மாட்டிய கால்

சித்திக்கு உடுமலைப்பேட்டையில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்த சமயம். அம்மாவின் தங்கையான அவள் நொய்டாவில் வேலை பார்த்துக்கொண்டு, மயூர் விஹாரில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். கல்யாணத்துக்கு ஊர் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, என்னையும் பக்கத்து பிளாட் பிங்கியையும் அவள் தம்பி கோலுவையும் காஷ்மீரி கேட்டிலுள்ள பழைய வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாள்.

"கல்யாணப் பொண்ணு போற எடமாடி அது?" என்றாள் அம்மா.

குழந்தைகள் சரித்திரம் தெரிந்துகொள்ளட்டும் என்றாள் சித்தி. சரித்திரத்தில் அவளுக்கு அதுவரை இல்லாத அக்கறை. எனக்கு ஒன்பது வயது, சந்தேகப்படத் தெரியாது.

காலை முழுக்கச் சுற்றினோம். சிலுவைகள் புதருக்குள் சாய்ந்து கிடந்தன. எங்களைவிடச் சின்ன வயதில் செத்துப்போன பிள்ளைகளின் பெயர்களைப் பிங்கி உரக்கப் படித்தாள். பராட்டா சாப்பிட்டதும், எங்களைக் கண்ணாமூச்சி ஆடச் சொல்லிவிட்டு சித்தி வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

ஒளிய இடம் தேடிப் பின்சுவர் வரை ஓடினேன். ஒரு கல்லறையின் மேல் ஏறியதும் பலகைக்கல் உடைந்து, வலது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. இழுத்தேன், வரவில்லை. பாதத்துக்குத் தரை தட்டுப்படவில்லை. ஈரமாக ஏதோ விரலைத் தொட்டது.

என் அலறல் கேட்டு இருவரும் வந்தார்கள். "பூத்! பூத்!" பேய்தான் காலைப் பிடித்துக்கொண்டது என்று கோலு அழத் தொடங்கினான். பெஞ்சுக்கு ஓடிய பிங்கி, அங்கே சித்தி இல்லை என்று திரும்பி வந்தாள். பிறகு தம்பியையும் இழுத்துக்கொண்டு, சித்தியைக் கூப்பிட்டபடியே வாசல் பக்கம் ஓடினாள்.

நான் தனியானேன். சுவரிலிருந்து பெரிய குரங்கு ஒன்று இறங்கி வந்தது. மிச்சப் பராட்டா என் தோள்பையில்தான் இருந்தது. பல்லைக் காட்டிக்கொண்டு பையைப் பிடித்து இழுத்தது. பையோடு நானும் இழுபட்டேன். கல்லின் விளிம்பு முழங்காலைக் கிழித்தது. சித்தி, சித்தி என்று கத்தினேன்.

அப்போது ஒருவர் மரக்கிளையை ஓங்கியபடி ஓடிவந்தார். பின்னால் சித்தி. குரங்கு பையோடு சுவரேறியது. "டரோ மத், பேட்டா," பயப்படாதே என்று சொல்லிக்கொண்டே அவர் கிளையைக் கொடுத்துக் கல்லை நெம்பி என்னைத் தூக்கினார். பிறகு சித்தியிடம், இந்தப் பக்கம் பார்க்காதே, ரத்தம் கண்டால் உனக்கு மயக்கம் வரும் என்று இந்தியில் சொன்னார். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாரே, டாக்டர்தான் என்று நான் முடிவு கட்டினேன். தன் கைக்குட்டையால் என் காலைக் கட்டினார். கட்டும்போதே சித்தி நின்ற பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். டாக்டருக்குக்கூடக் குரங்கென்றால் பயம் போலிருக்கிறது.

வாசலில் சித்தி அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிங்கியும் கோலுவும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

மெட்ரோவில் சித்தி என்னை மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். "அம்மாகிட்ட அந்த அங்கிளப் பத்திச் சொல்லீராத கண்ணு," என்றாள் அழுதுகொண்டே. சரி என்றேன். அதற்குப் பின்னும் அவள் கண்ணீர் நிற்கவில்லை. எதிரே இருந்தவர்கள் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் பாவமாகவும் இருந்தது. காலை நீட்டி ஆட்டிக் காட்டினேன்.

"வலிக்கவே இல்ல சித்தி. நெஜமா."

அவள் இன்னும் அதிகமாக அழுதாள். நான் சொன்னதை நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.