தாய்மாமன் போட்ட பணம்

தங்கமணியிடம் அவள் அண்ணன் துரைராசுவைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசிவிட்டு அந்தத் தெருவைத் தாண்ட முடியாது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம். குத்தகைக்கு நாலு மா நிலம், கறவை மாடுகள், ஒரே மகள் குந்தவை. கல்யாணமான கையோடு, பிறந்த வீட்டு நிலத்தில் தன் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்து, பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கத்தில் பெண்கள் வழக்கமாகச் செய்கிற காரியம்தான். பதிலுக்கு வருஷா வருஷம் பொங்கலுக்கு அண்ணன் சீர் கொண்டுவருவான்: புது அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு. "எங்கண்ணன் இருக்கையில எனக்கு நெலம் எதுக்கு?" என்பாள். சொல்லும்போது முகத்தில் அப்படியொரு பெருமை!

குந்தவை விவசாயப் படிப்பு முடித்தவள். மண்ணைப் பற்றி மேலே படிக்க இங்கிலாந்தில் இடம் கிடைத்தது. பாதிக் கட்டணம் தள்ளுபடி, மீதிக்கு வங்கிக் கடன். விசா வாங்க ஒன்றுதான் பாக்கி. அங்கே தங்கிச் சாப்பிடப் பதிமூன்று லட்சம் கையில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். தங்கமணி மாட்டை வித்தாலும் மடியை வித்தாலும் அந்தப் பணம் தேறாது. துரைராசு கேட்டதும் சொன்னான், "நான் போடுறேன். புள்ள படிச்சு முடிச்சு மெதுவாத் தரட்டும்." அன்றைக்குத் தங்கமணி அழுத அழுகை சந்தோஷ அழுகை.

மூவருமாகத் தஞ்சாவூரில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஏற்பாடு செய்யும் அலுவலகத்துக்குப் போனார்கள். நஃபீசா என்கிற பெண் பொறுமையாக விளக்கினாள். "பணம் இருபத்தெட்டு நாள் தொடர்ந்து கணக்குல இருக்கணுங்க. நடுவுல ஒரு நாள் கொறஞ்சாலும் விசா கெடைக்காது."

"ஏங் கணக்குலயே கெடக்கு. நான் தாய்மாமன். எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு" என்றான் துரைராசு.

"மாமா கணக்கு செல்லாதுங்க. பொண்ணு பேர்ல இருக்கணும், இல்லன்னா அம்மா பேர்ல."

துரைராசுவுக்கு முகம் சுண்டிவிட்டது. "தாய்மாமன் செல்லாதா? என் மடியில உக்கார வச்சுத்தான் இதுக்குக் காது குத்துனாங்க. நான் செல்லாதவனா?"

அந்த முகத்தைத் தங்கமணியால் பார்க்க முடியவில்லை. புதுக் கணக்கு தொடங்கும்போது தன் பேரோடு அண்ணன் பேரையும் சேர்த்துவிட்டாள். இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும் போன் நம்பரும் அண்ணனுடையதையே கொடுத்தாள். விஷயம் தெரிந்து நஃபீசா, "உங்க பேர் மட்டும் போதுமேம்மா?" என்று இழுத்தாள். "நீ சும்மா இரும்மா! குடுக்குற மனுசனை வாசல்ல நிறுத்திட்டுப் பணத்தை மட்டும் உள்ள வாங்கிக்கிறதா?" என்று வாயை அடைத்துவிட்டாள் தங்கமணி. அடடா, அந்தப் பெண் சொன்னதைக் கொஞ்சம் காதில் வாங்கியிருக்கக் கூடாதா!

நாட்கள் நகர்ந்தன. துரைராசு டீக்கடை, கோயில், நெல் கொள்முதல் நிலையம் என்று ஒரு இடம் விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தான், மருமகளை லண்டனுக்கு அனுப்புவதே தான்தான் என்று. வழியில் பார்க்கும்போதெல்லாம் தங்கமணி கேட்பாள், "பணம் அப்படியே இருக்குல்லண்ணே?"

"கெடக்கு கெடக்கு. எத்தனை தடவை கேப்பே? அண்ணன் மேல நம்பிக்கை இல்லையா?"

சீ, கேட்டிருக்கவே கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

இருபத்தெட்டு நாள் முடிந்ததும் வங்கியில் கணக்கு விவரம் வாங்கிக்கொண்டு தாயும் மகளும் நஃபீசாவிடம் போனார்கள். காகிதத்தின் மேல் ஓடிய நஃபீசாவின் விரல் நடுவில் நின்றது. "என்னம்மா இது? மொத்தப் பணத்தையும் எடுத்திருக்கீங்க. எட்டு நாள் கழிச்சுத் திரும்பப் போட்டிருக்கீங்க."

"பேங்க்காரன் எதையோ மாத்தி அடிச்சிருப்பான்" என்றாள் தங்கமணி. அப்போதும் அண்ணன் மேல் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அங்கேயே அவனுக்குப் போன் போட்டாள்.

"அதுவா? கதிர் அறுக்குற மிஷினு ஒண்ணு வந்துச்சு. ஒடனே பணம் கட்டுனாத்தான் பழைய வெலைன்னான். என் லோன் வந்ததும் திரும்பப் போட்டுட்டேனே! ஒத்த ரூவா கொறையுதா பாரு" என்றான் துரைராசு.

"நடுவுல எடுக்கக் கூடாதுன்னு இந்தப் பொண்ணு சொல்லையில நீ பக்கத்துலதானேண்ணே இருந்தே?"

"இருந்தேன். அதுக்காக வெள்ளக்காரன் ஒவ்வொரு நாளாவா உக்காந்து பாப்பான்?"

"கேக்கும்போதெல்லாம் கெடக்குன்னியே?"

அவன் பேச்சை மாற்றி, "பொம்பளப் புள்ளதானே, அடுத்த வருஷம் போனா என்ன இப்ப?" என்றான். தங்கமணி போனை வைத்துவிட்டாள்.

மறுபடி முதலிலிருந்து நாள் எண்ண முடியாது. அதற்குள் பல்கலைக்கழகம் கொடுத்த கெடு முடிந்துவிடும், தள்ளுபடியும் போய்விடும் என்று நஃபீசா தயங்கித் தயங்கிச் சொன்னாள். குந்தவை அழவில்லை. "விடும்மா, வீட்டுக்குப் போவோம்" என்றாள். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். திரும்பி வரும் பஸ்ஸில் தங்கமணி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். பணம் போட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் தலையெழுத்து என்று விட்டிருப்பாள். கேட்டபோதெல்லாம் வாய் கூசாமல் 'கெடக்கு' என்றானே, அது பச்சைத் துரோகம். அந்த வாரமே அவன் கணக்கில் திரும்பப் போட்ட பணத்தையும் வழித்து எடுத்துக்கொண்டான். அதுதான் பயணம் இல்லையே!

பொங்கல் வந்தது. சம்பா அறுப்பில் துரைராசுவின் மிஷின் ஓய்வில்லாமல் ஓடியது, தங்கமணியின் வயலுக்குப் பக்கத்து வயலிலும்தான். சீர் கொடுக்க அவன் வந்தபோது எந்த வருஷமும் இல்லாத தடபுடல். பெரிய தாம்பாளத்தில் புது அரிசி, கட்டுக் கரும்பு, தாய்க்கும் மகளுக்கும் பட்டுப்புடவை. தெருவே எட்டிப் பார்த்தது.

பேசத் தெரிந்த நாளிலிருந்து "வாண்ணே" என்றே கூப்பிட்டவள், அன்று வாசலில் நின்றுகொண்டு, "வாங்க" என்றாள்.

"என்ன, புதுசா வாங்க போங்கன்னு? இந்தா, புடி" என்று தாம்பாளத்தை நீட்டினான் துரைராசு.

அவள் கை நீட்டவில்லை. தாம்பாளத்தைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

"இது எத்தனை நாளைக்குங்க இங்க இருக்கும்?" என்று கேட்டாள். "அதைச் சொல்லிட்டுக் கீழ வைங்க."